கண்ணை மூடித் தட்டச்சு செய்த அக்கா

அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டச்சு செய்வாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் வேலை நேரத்தில் தூங்குகிறாள் என்றே நினைப்பார்கள். விரல்களைப் பார்த்த பிறகுதான் வாயை மூடுவார்கள்.

எங்கள் தொழில் அப்படி. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் இன்னாருக்கு இன்ன வயது, இன்ன தொந்தரவு, இன்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். அதை அவரவர் வீட்டிலிருந்தே கேட்டு எழுத்தாக்கித் தருவது நாங்கள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். எந்த டாக்டரும் எங்களை நினைத்துப் பேசுவதில்லை. ஒருவர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். ஒருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார், நடுவில் முன்னால் போகிறவனைத் திட்டுவதும் சேர்ந்து பதிவாகியிருக்கும். இன்னொருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருத்தருக்குப் புற்றுநோய் என்று சொல்வார்.

"கண்ணத் தொறந்து வச்சா காது பாதி வேலைதான் செய்யுது" என்பாள் அக்கா. அவள் எழுதியதைப் பிழை பார்ப்பது என் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை, வேலையில் கிடைத்த அக்கா; அவளுக்கும் இன்னும் பதினோரு பேருக்கும் நான்தான் மேற்பார்வை. ஒன்பது வருஷத்தில் அவளிடம் நான் பிடித்த பிழைகளை எண்ண என் பத்து விரல் போதும். பிழை பார்க்கிறவளுக்குப் பிழையே அகப்படாவிட்டால் எரிச்சல்தான் வரும். நானும் கொஞ்ச நாள் எரிச்சல்பட்டுப் பார்த்தேன். அப்புறம் அக்காவின் கோப்பு வந்தால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

தட்டச்சில் அவ்வளவு கெட்டிக்காரி. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் சுத்த சூனியம். திரையில் எழுத்து சிறியதாகிவிட்டால் எனக்குப் போன் வரும். சத்தம் வரவில்லை என்றால் போன் வரும். ஒருமுறை திரை தலைகீழாகிவிட்டது. அதை எனக்குச் சொல்லக் கூச்சப்பட்டு, லேப்டாப்பையே தலைகீழாக நிறுத்திவைத்து அரை நாள் சமாளித்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி நான் அவளைக் கேலி செய்யாத நாளில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். குழந்தைகள் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். "ரெண்டு மோட்டாரும் ஜாமாயிடுச்சும்மா. இந்த மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் போடுறத நிறுத்திட்டாங்களாம்" என்று என்னிடம் சொன்னார். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவர் வேலை பார்த்த இடத்தில் உடம்பு முடியவில்லை என்றதும் கையைக் கழுவிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு உண்டு. மாமாவின் வாரத்து மூன்று நாளும் அந்தக் காப்பீட்டில்தான் ஓடியது. அக்கா வேலையில் இருக்கும்வரை அது இருக்கும். வேலை போனால் அந்த மாதக் கடைசியோடு அதுவும் போகும். இது அக்காவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எனக்கும் நன்றாகவே தெரியும்.

டயாலிசிஸ் பிரிவு அந்தத் தனியார் மருத்துவமனையின் தரைக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் இருந்தது. நோயாளி உள்ளே இருக்கும் நேரம் முழுக்கத் துணைக்கு ஒருத்தர் வெளி ஹாலில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கிவிடும், ஆள் மயங்கிவிடும். ஹாலில் நீல நிற நாற்காலிகள், ஒரு தண்ணீர் இயந்திரம், தூணோரமாக ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதற்கு மேலே 'வருகையாளர்களுக்கு இலவச வைஃபை' என்று பலகை. போன் சிக்னல் படிக்கட்டோடு நின்றுவிடும். கீழே ஒரு கோடுகூட வராது.

எங்களுக்கு வரும் கோப்பை ஆறு மணி நேரத்துக்குள் முடித்துத் தந்தாக வேண்டும். வாரத்தில் மூன்று பகல் போனால் வேலை நிலைக்காது. அதனால் அக்கா லேப்டாப்பையும் பெடலையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்த ஹாலுக்கே போக ஆரம்பித்தாள்.

கம்பெனி விதி இதற்கு நேர்மாறு. பொது இடத்து வைஃபையில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மேற்பார்வையாளர் மூலம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், எப்போதும் சுரங்கத்துக்குள்தான் இருக்க வேண்டும். சுரங்கம் என்று நாங்கள் சொல்வது விபிஎன். லேப்டாப்பிலிருந்து கம்பெனிவரைக்கும் மூடிய வழி ஒன்று போட்டுத் தரும் மென்பொருள் அது. வழியில் யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அது ஓடும்போது திரையின் மூலையில் பச்சைப் பூட்டு தெரியும். இதையெல்லாம் விளக்க வருஷா வருஷம் ஒரு வீடியோ போடுவார்கள். கார்ட்டூன் ஆந்தை ஒன்று வந்து கண்ணை உருட்டி உருட்டிப் பாடம் நடத்தும். அந்த ஆந்தைக்குச் செலவழித்ததை, உள்ளே நுழையும்போது போனுக்கு ரகசிய எண் அனுப்பும் ஏற்பாட்டுக்குச் செலவழித்திருக்கலாம். அதைக் கேட்டால் அடுத்த காலாண்டு, அடுத்த காலாண்டு என்று இரண்டு வருஷமாக இழுத்தடித்தார்கள்.

முதல் நாள் ஹாலிலிருந்து படியேறி வந்து அக்கா எனக்குப் போன் செய்தாள். வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் வரவில்லை என்றாள். நான் உடனே புரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி வைஃபையில் முதலில் ஒரு பக்கம் வரும், அதில் போன் நம்பரைப் போட்டால்தான் உள்ளே விடும். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் வரவே வராது. "சுரங்கத்த ஒரு நிமிஷம் அணைச்சிடுங்கக்கா. அந்தப் பக்கம் வந்ததும் நம்பரப் போட்டு உள்ள போயிட்டு, உடனே திரும்ப ஆன் பண்ணிடுங்க. பச்சைப் பூட்டு வந்துச்சான்னு பாத்துக்கங்க, அவ்வளவுதான்" என்றேன்.

மேலே எழுதிக் கேட்டிருக்க வேண்டியது நான்தான். கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அதைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அக்காவிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வைஃபையில் லேப்டாப் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதபடி அந்த வசதியை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதே பெயரில் வேறு எவன் வைஃபை வைத்தாலும் அதுவும் நம்முடையது என்று லேப்டாப் ஏமாந்து போகும். வைஃபைக்காக வரும் பக்கம் எதுவும் ஆபீஸ் பாஸ்வேர்டைக் கேட்காது, கேட்டால் லேப்டாப்பை மூடிவிட வேண்டும். இவ்வளவுதான். சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அன்றைக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மணிக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வைஃபை வெளியே தள்ளிவிடும். அக்கா சுரங்கத்தை அணைப்பாள், நம்பரைப் போடுவாள், சுரங்கத்தைப் போடுவாள், பூட்டைப் பார்ப்பாள், மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். தூணோரத்துப் பிளக்குக்காக ஒரு பெரியவரோடு தினமும் போட்டி என்று சொல்லிச் சிரித்தாள். அவர் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், இவள் லேப்டாப்புக்கு ஏற்ற வேண்டும். கடைசியில் அக்காவே வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுபோய்ப் போட்டு ஹாலுக்கே பொதுவாக்கிவிட்டாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி சுமாருக்கு. பிறகு விசாரணையில் சொன்னதை வைத்துத்தான் எனக்கே தெரியும். யாரோ ஒருவன் அந்தக் கட்டிடத்துக்குள் அதே பெயரில் இன்னொரு வைஃபையை வைத்திருக்கிறான். பக்கத்துக் கார் நிறுத்தத்தில் இருந்திருக்கலாம், அடுத்த நாற்காலியில் இருந்திருக்கலாம், அந்த எக்ஸ்டென்ஷன் போர்டிலேயே சொருகியிருக்கலாம். ஆளைக் கண்டுபிடிக்கவே இல்லை. பழைய வைஃபை வழக்கம்போல அறுந்தது. லேப்டாப் தானாகப் போய்ப் புதியதில் ஒட்டிக்கொண்டது. அக்கா காதில் அந்த மென்றுகொண்டே பேசும் டாக்டர். கோப்பைத் தந்தாக வேண்டிய நேரத்துக்கு நாற்பது நிமிஷம் பாக்கி. சுரங்கத்தை அணைத்தாள். அதே ஆஸ்பத்திரிச் சின்னத்தோடு பக்கம் வந்தது. எப்போதும் ஒரு கட்டம் இருக்கும், அன்று இரண்டு கட்டம் இருந்தது. வேலை பார்க்கும் இடத்து மின்னஞ்சல், பாஸ்வேர்டு. அக்கா ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தாள். டாக்டர் ஒரு மருந்தின் பெயரை மென்று விழுங்கினார். அதைப் பிடிக்கக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். விரல்கள் தாமாகவே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டன.

இன்டர்நெட் வந்தது. சுரங்கத்தைப் போட்டாள். பச்சைப் பூட்டும் வந்தது. அன்றைய கோப்பை நான்தான் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து நோயாளிகளுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. உங்கள் வியாதி என்னவென்று எங்களுக்குத் தெரியும், கேட்டதைத் தராவிட்டால் ஊருக்கே தெரியும் என்று. அக்காவின் பெயரில் நுழைந்து நாலாயிரம் கோப்புக்குமேல் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் பயம். எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

விசாரணை வீடியோவில் நடந்தது. மனிதவளத் துறையிலிருந்து ஒரு அம்மா, பாதுகாப்பு அதிகாரி, வக்கீல், மேற்பார்வையாளர் என்ற முறையில் நான், எதிரே அக்கா. அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் அலமாரியில் மாமாவின் மருந்து டப்பாக்கள் வரிசையாகத் தெரிந்தன. பாஸ்வேர்டு என்னவாக இருந்தது என்று அதிகாரி கேட்டார். அக்கா விழித்தாள். ஒன்பது வருஷமாக அது அவள் விரலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது. மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் தட்டிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது.

எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்று உள்ளதைச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள், அதையும் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். சுரங்கத்தை அணைத்தால் அந்தப் பக்கம் வரும் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

என் மைக் அணைந்திருந்தது. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் என் முகம் எனக்கே தெரிந்தது. யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானே கண்டுபுடிச்சேன் சார்" என்றாள் அக்கா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா?"

"ஆமா சார். அத அணைச்சுப் பாத்தேன், வந்துச்சு."

எழுத்து சிறியதானால் போன் செய்கிறவள். லேப்டாப்பைத் தலைகீழாக நிறுத்தி வேலை செய்தவள். என் குழுவில் பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட அதை நம்பியிருக்க மாட்டார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வேலை செய்வது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவங்களுக்குத் தெரியாது சார். நான் சொல்லல" என்று அக்கா முந்திக்கொண்டாள். அவர் என் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார். நான் மைக்கைத் திறந்தேன்.

"தெரியாது சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. போனுக்கு ரகசிய எண் அனுப்பும் அந்த ஏற்பாடு, இரண்டு வருஷமாக அடுத்த காலாண்டிலேயே கிடந்துவிட்டு, ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

பொது மருத்துவமனையில் மாமாவுக்கு வாரம் இரண்டு நாள்தான் கொடுத்தார்கள். அங்கே இயந்திரம் ஆறு, அதில் நாலுதான் ஓடும். சில நாள் வரிசையிலேயே பொழுது போய், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். நான் அவரைப் பார்க்கப் போனபோது கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "வாரத்துக்கு ரெண்டு நாள்தாம்மா லிஃப்ட் ஓடுமாம். மத்த நாள் படியேறிக்கோன்னுட்டாங்க" என்றார். பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

அக்காவைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தன்னைப் பற்றிப் பேசவில்லை. ஒரு கோப்பைப் பற்றித்தான் பேசினாள். மனநல டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கோப்பு, அக்கா தன் கையால் அடித்தது. கடிதம் அந்தப் பெண் வேலை பார்த்த இடத்துக்கே போய்விட்டது என்று எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறாள். "யாருக்கும் தெரிய வேணாம்னு டாக்டர்கிட்ட கெஞ்சியிருக்கா. அதையும் அவர் சொல்லியிருந்தாரு, அதையும் நான் அடிச்சேன். இப்ப அந்தப் பொண்ணு என்ன பண்றாளோ" என்றாள்.

போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா என்றேன். சொல்லும்போது அழுதேன். அழுகை நிஜம்தான்.

"நீ போய்ச் சொன்னா எனக்கு வேல திரும்பக் கெடைக்குமா?"

கிடைக்காது என்றேன்.

"இவருக்கு மூணு நாள் ஆக்கிக் குடுப்பாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப பேசாம போய் வேலயப் பாரு. உனக்கும் வீட்ல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அந்த இன்சூரன்ஸ்லதான அவங்களும் இருக்காங்க? ரெண்டு பேரும் ஏன் நிக்கணும் நடுத்தெருவுல?"

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் நடந்தது, மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பசிகூட எடுத்தது. இறங்கி எதையோ வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா ஐந்தாவது மாதம் போய்விட்டார். காலை எட்டு மணி, அவருடைய முறை வர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அக்கா சீட்டைக் காட்டப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், சக்கர நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து வரிசை நகர்ந்தபோது இரண்டு தடவை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னே போயிருக்கிறாள். கதவுக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் அக்காவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் எங்கள் கம்பெனியைக் கேட்பார்கள், எங்கள் கம்பெனி சொல்லிவிடும். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது தெருவின் எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு ஆள் எதிரே நின்று சொல்லச் சொல்ல அக்கா அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் திரையைப் பார்த்து, மறுபடி விசைப்பலகையைப் பார்த்து. கற்றுக்குட்டிகள்கூட அவ்வளவு மெதுவாக அடிக்க மாட்டார்கள். அந்த ஆள் பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்த்தார். நான் தெருவைக் கடக்கவில்லை.

ஆந்தை வீடியோவை எடுத்துவிட்டார்கள். நேரில் ஒருத்தர் வகுப்பு எடுத்தால்தான் மனதில் பதியும் என்று முடிவு செய்து, அனுபவமுள்ளவள் என்று என்னை அந்த வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்துப் பேசுகிறேன். நன்றாகவே பேசுகிறேன் என்று சொல்கிறார்கள். பொது வைஃபை வேண்டாம், முடிந்தால் சொந்தப் போனிலிருந்து இன்டர்நெட் எடுங்கள் என்கிறேன். வேறு வழியே இல்லையென்றால், வைஃபையின் பெயரை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், தானாக ஒட்டிக்கொள்ளும் வசதியை எடுத்துவிடுங்கள், எந்தப் பக்கம் ஆபீஸ் பாஸ்வேர்டைக் கேட்டாலும் லேப்டாப்பை மூடிவிடுங்கள் என்கிறேன். அன்று அரை நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது முக்கால் மணி நேரம் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு உதாரணம் வரும். பெயர் இருக்காது. 'ஓர் ஊழியர்' என்று மட்டும் திரையில் இருக்கும். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் விபிஎன்னை அணைத்த ஓர் ஊழியர். போன வகுப்பில் முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். குறிப்பேட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவள்.

"மேடம், அத அணைச்சா அந்தப் பக்கம் வரும்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லம்மா, அவங்களே கண்டுபுடிச்சாங்க" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.